யாதொரு ஜீவனாம்ச பாத்தியதையும் இல்லை

கதவு எண்ணை அடித்து முடிக்கிற வரைக்கும் செண்பகவல்லிக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஒரு நாளைக்கு ஆறு பத்திரம், ஏழு பத்திரம் அடிக்கிற கைக்கு எந்த வீடாயிருந்தால் என்ன, எவன் விற்றால் என்ன. அதுவும் இன்றைக்குப் புதன்கிழமை, முகூர்த்த நாள் வேறு. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று கோவில்பட்டியில் பாதிச் சனம் பத்திர ஆபீசுக்குக் கிளம்பி வந்துவிட்டது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆபீஸ், இந்தப் பக்கம் வேலாயுதப் பெருமாள் அண்ணாச்சியின் பத்திரம் எழுதுகிற கடை, நடுவில் நிற்கிற கூட்டத்தில் செருப்பை விட்டால் திரும்பக் கிடைக்காது. பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் கையெழுத்து விழ வேண்டும், பதினொன்றே முக்காலுக்கு டோக்கன், நீ முதலில் சொத்து விவரத்தை அடித்து வை, விற்கிறவர் வாங்குகிறவர் பேரெல்லாம் பின்னால் வரும் என்று அண்ணாச்சி தன் செல்போனை அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். புரோக்கர் பழைய பத்திரத்தின் ஒரு பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். அதைப் பார்த்து அடித்துக்கொண்டே வந்தாள். சர்வே எண். அறுநூற்று இருபது சதுர அடி. கதவு எண் நாலு சாய்வு நூற்றுப் பதினெட்டு. அடுத்த வரிக்குப் போன கை அப்படியே நின்றது. நாலு சாய்வு நூற்றுப் பதினெட்டு. கேஸ் புத்தகத்திலும் ரேஷன் கார்டிலும் பிள்ளையின் தடுப்பூசி அட்டையிலும் அவளே கைப்பட எழுதிய நம்பர். எட்டு வருஷம் கோலம் போட்ட வாசல். அடப்பாவி, விற்கிறானா என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள் போல, ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தது. ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

இதற்கு நான்கெல்லையாவது. ஓடைக்குத் தெற்கு. ஓடையாம் ஓடை. சாக்கடை என்று எந்தப் பத்திரத்திலும் எழுத மாட்டார்கள், மழைக்காலத்தில் அது அடுப்படி வரைக்கும் வந்து காலை நனைத்துவிட்டுப் போவது பத்திரத்துக்குத் தெரியாது. சங்கிலிமாடன் வீட்டுக்குக் கிழக்கு. அந்த சங்கிலிமாடன் பெண்டாட்டி இருக்கிறாளே, சுவருக்கு அந்தப் பக்கம் காதை வைத்து இந்த வீட்டுச் சண்டை ஒன்று விடாமல் கேட்டவள், மறுநாள் காலையில் குழாயடியில் கதை சொன்னவள், கோர்ட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க மதினி என்றால் எனக்குக் காது மந்தம் என்றுவிட்டாள். கீழ்மேல் பொதுப் பாதைக்கு வடக்கு. அந்தப் பாதையில்தான் ஏழு வயசுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, மறு கையில் குக்கரும் துணிப்பையுமாக அவள் நடந்து வந்தது. குக்கரை எதற்கு எடுத்து வந்தோம் என்று இன்றைக்கும் அவளுக்கு விளங்கவில்லை, நகையை எடுத்திருக்கலாம். பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்தது. அவன் வாசலில் நின்று செல்போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். காலி மனைக்கு மேற்கு. இவற்றின் மத்தியில் உள்ள வீடும், அதன் கதவு நிலை ஜன்னலும், மின் இணைப்பும், அதன் டெபாசிட் தொகை உள்பட. அந்த டெபாசிட் அவள் காதுத்தோடு. அடகுக்குப் போனது போனதுதான், திரும்பி வரவே இல்லை. அதையும் சேர்த்து விற்கிறான் ஆவுடையப்பன். இவள் புருஷன், இல்லை, புருஷனாயிருந்தவன். லாரி செட்டில் இருந்தவன் திருப்பூருக்குப் போய் அங்கே ஒருத்தியோடு இருக்கிறான். அவள் யார், எப்படி இருப்பாள் என்று ஒரு காலத்தில் தூங்காமல் யோசித்திருக்கிறாள். இப்போதெல்லாம் அந்த யோசனை வருவதில்லை, பள்ளிக்கூட ஃபீஸ் யோசனை வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

மாசம் ஐயாயிரம். பிள்ளைக்கு என்று கோர்ட்டு சொன்னது அதுதான், அவளுக்கென்று அவள் கேட்கவும் இல்லை. உத்தரவு வந்து ஆறு வருஷம், எழுபத்திரண்டு மாசம், அதில் நாலு மாசம் மட்டும் கொடுத்தான். மிச்சம் அறுபத்தெட்டு. கணக்கு அவளுக்குப் பேனா இல்லாமலே வரும், அடுப்பில் பால் பொங்கும்போதுகூட வரும். கேட்டால் அவனிடம் ஒரே பதில்தான், என் கையில என்ன இருக்கு, அந்த வீட்டை வித்ததும் மொத்தமாத் தாரேன், எம் பிள்ளைக்கு நான் செய்யாம யாரு செய்வா. எவ்வளவு நயமாகச் சொன்னான். இவளும் நம்பினாள். நம்பினாள் என்று சொல்வதா, அலைய அலுத்துப்போய் நம்பினதாக வைத்துக்கொண்டாளா. மூன்று வருஷம் கோர்ட்டுப் பக்கமே போகவில்லை. போன வருஷம் ஜெபராணி வக்கீலம்மாவிடம் போய் நின்றபோதுதான் அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பாக்கி விழுந்த ஒரு வருஷத்துக்குள் மனுப் போட்டுக் கேட்க வேண்டுமாம், தாண்டிப்போனால் அதை வாரண்ட் போட்டு வாங்க முடியாதாம். அவன் நயமாகப் பேசியது அதற்குத்தானோ என்னவோ, தெரிந்து பேசினானோ தெரியாமல் பேசினானோ, காலம் அவன் பக்கம் நின்று வேலை பார்த்திருக்கிறது. கடைசி வருஷத்துப் பாக்கிக்காவது வீட்டை ஜப்தி செய்யச் சொல்லி மனுப் போட்டிருக்கிறது, அடுத்த மாசம் பதினாலாம் தேதி வாய்தா. அதற்குள் அவன் விற்றுவிட்டால் என்று கேட்டதற்கு வக்கீலம்மா சுற்றி வளைக்கவில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும், அவன் பேரில் வேறு ஒரு கைப்பிடி மண் கிடையாது, வித்துட்டான்னா உத்தரவைக் கண்ணாடி போட்டு மாட்டிக்க வேண்டியதுதான் என்றாள். அந்த விற்கிற நாள் இன்றைக்குத்தான். பத்திரம் இவள் மடியிலேயே வந்து விழுந்திருக்கிறது.

வக்கீலம்மாவுக்குப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. கோர்ட்டுக்குள் இருப்பாள், மதியத்துக்கு மேல்தான் எடுப்பாள். ரோட்டைத் தாண்டிப் போய் ஆபீசில் சொல்லலாம். சொன்னால் என்ன சொல்வார்கள், கோர்ட்டு ஜப்தி உத்தரவு எங்கே என்பார்கள், அது அடுத்த மாசம் பதினாலாம் தேதி வருமோ வராதோ. அவள் வாயை வைத்துக்கொண்டு அங்கே ஒன்றும் நடக்காது, தினமும் பார்க்கிறாளே, அழுகிறவர்களும் கத்துகிறவர்களும் வரத்தான் செய்கிறார்கள், டோக்கன் பாட்டுக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். அண்ணாச்சியிடம் சொல்லலாமா. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு அவர் சொன்ன ஒரே விஷயம், பத்திரம் அடிக்கிறவளுக்குக் கண்ணு இருக்கணும், வாயி இருக்கக் கூடாது. போன தீபாவளிக்கு முன்னால் ஒரு பையன், யார் எந்த மனையை எத்தனைக்கு வாங்குகிறார்கள் என்று வெளியில் சொன்னான் என்று பாதிச் சம்பளத்தோடு அனுப்பிவிட்டார். ஆனால் டைப்பிங் பரீட்சை லோயர் மட்டும் பாஸ் செய்து, கந்தல்துணி போல வந்து நின்ற இவளை எடுத்துக்கொண்டவரும் அவர்தான். மூன்று வருஷமாகப் பிள்ளைக்கு ஜூன் மாசம் ஃபீஸ் கட்ட முன்பணம் கொடுத்து, ஒரு நாளும் அதைப் பற்றிப் பேச்சை எடுக்காதவர். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்பார்கள், அது இதுதான். சம்பளம் ஒன்பதாயிரம். அது நின்றால் வாடகை எங்கே, அரிசி எங்கே. அவன் தராத ஐயாயிரத்துக்காகக் கையில் வருகிற ஒன்பதாயிரத்தைத் தூக்கி எறிவதா. மணி பத்தே கால். அண்ணாச்சி எட்டிப் பார்த்து, ஆச்சா என்று கேட்டார். ஆச்சு அண்ணாச்சி, அரைமணி நேரம் என்றாள். குரல் வழக்கம்போலத்தான் வந்தது.

இதில் கொடுமை என்னவென்றால், அவள் ஒன்றும் செய்ய வேண்டாம். எந்தப் பத்திரத்தையும் யாரும் புதிதாக அடிப்பதில்லை. முன்பு அடித்ததைக் காப்பி செய்து வைத்துக்கொண்டு பேரையும் தொகையையும் சொத்து விவரத்தையும் மாற்றுவதுதான் வேலை. மற்ற வரியெல்லாம் அதுபாட்டுக்கு நிற்கும். நாலாவது பக்கத்தில் நடுவில் நிற்கிற வரியை இந்த மூன்று வருஷத்தில் அவள் வாசித்ததே இல்லை, வாசலில் கிடக்கிற மிதியடியை யார் வாசிக்கிறார்கள். இன்றைக்கு வாசித்தாள். மேற்படி சொத்தின் பேரில் யாதொரு முன்வில்லங்கமும், அடமானமும், கோர்ட்டு ஜப்தியும், ஜீவனாம்ச பாத்தியதையும் இல்லை என்று இதன் மூலம் உறுதி கூறுகிறேன். அவள் கை வைக்காமல் விட்டாலே போதும், பொய் தானாக நின்றுகொள்ளும். எத்தனை பத்திரத்தில் இப்படி நிற்கவிட்டிருப்பாள். ஐயாயிரம் இருக்குமா, கூட இருக்குமா. அதில் எத்தனை பொம்பளைகள், எத்தனை பிள்ளைகள் அந்த வரிக்கு அடியில் கிடந்தார்களோ, இவள் மத்தியானச் சோற்றுக்கு என்ன குழம்பு என்று யோசித்துக்கொண்டே பிரிண்ட் கொடுத்திருப்பாள். விரல் அந்த வரியின் கடைசியில் போய் நின்றது. அழித்தாள். கூறுகிறேன் போயிற்று, உறுதி போயிற்று, இல்லை போயிற்று. எப்படித்தான் இருக்கும் பார்ப்போமே என்றுதான் அடித்தாள், சத்தியமாக வேறு எண்ணம் இல்லை, அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் பழையபடி மாற்றிவிடலாம். நான் என் மைனர் மகள் மதுநிஷாவுக்குக் கோர்ட்டு உத்தரவுப்படி மாதம் ஐந்தாயிரம் வீதம் கொடுக்க வேண்டிய ஜீவனாம்சம் அறுபத்தெட்டு மாதத்துக்கு ரூபாய் மூன்று லட்சத்து நாற்பதாயிரம் பாக்கி இருக்கிறது என்று இதன் மூலம் உறுதி கூறுகிறேன். பத்திரத்தில் நான் என்றால் விற்கிறவன். ஆறு வருஷமாக அவன் வாயில் வராதது இவள் விரலில் வந்துவிட்டது. என் மகள் என்கிற இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

மதுநிஷா இதைப் பார்த்தால் என்ன சொல்வாள். ஒன்றும் சொல்ல மாட்டாள், அவள் வரவரப் பேச்சைக் குறைத்துவிட்டாள். எட்டாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது ஃபாரத்தை அவளே நிரப்பினாள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். தகப்பனார் பேர் என்கிற இடத்தில் பேரை எழுதி, பேருக்கு முன்னால் லேட் என்று போட்டிருந்தாள். செண்பகவல்லி கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள், டீச்சர் கூப்பிட்டு அனுதாபம் விசாரித்தபோதுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து அடித்துவிட்டாள் பிள்ளையை. உயிரோடு இருக்கிற மனுஷனை அப்படி எழுதலாமாட்டி, நாக்கு அழுகிப்போகும் என்று என்னென்னவோ கத்தினாள். பிள்ளை அழவில்லை. இருந்தா ஃபீஸ் கட்டியிருப்பாருல்லம்மா என்று மட்டும் கேட்டது. கேட்டுவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் விளக்க உட்கார்ந்தது. இவளுக்கு உண்மையில் அந்தப் பணம் வேண்டுமா, இல்லை அந்தக் கேள்விக்குப் பதில் வேண்டுமா. இரண்டும் வேண்டும். பணம் முதலில் வேண்டும், என்னத்துக்கு வேஷம். மூன்று லட்சம் இருந்தால் பிள்ளை பிளஸ் டூ முடிக்கிற வரைக்கும் யார் முன்னாலும் நின்று பல்லைக் காட்ட வேண்டாம். யோசித்துக்கொண்டே இருந்தவளுக்குப் பின்னால் அண்ணாச்சி வந்து நின்றார், விற்கிறவர் வாங்குகிறவர் ஆதார் நகலைக் கொடுத்தார், பேரைப் போட்டு உடனே பிரிண்ட் எடு, ஆட்கள் வந்தாச்சு என்றார். பழையபடி மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஆவுடையப்பன் என்று அடித்தாள், நினைத்துக்கொண்டே பிரிண்டைத் தட்டினாள். தாள் சூடாக ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

தடுப்புத் தட்டிக்கு அந்தப் பக்கம் ஆவுடையப்பன் உட்கார்ந்திருந்தான். ஆறு வருஷத்தில் காதோரம் நரைத்திருக்கிறது, சட்டை நல்ல சட்டை. ஆறடி தூரத்தில் இவள் இருக்கிறாள், அவன் பார்க்கவில்லை. மறைந்துகொள்ள வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று, டைப் அடிக்கிறவளை யார் முகத்தைப் பார்க்கிறார்கள். அவனுக்குப் பக்கத்தில் புரோக்கர். எதிரில் வாங்குகிற பொம்பளை, சுடலைவடிவு என்று பேர், ஐம்பது வயசிருக்கும். தீப்பெட்டி ஆபீசில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள், சீட்டுப் போட்டும் கழுத்தில் கிடந்ததை விற்றும் பன்னிரண்டு லட்சம் சேர்த்திருக்கிறாள், ஒரு லட்சம் அட்வான்ஸ் போக மிச்சத்துக்குச் செக் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். எல்லாம் அவளே அண்ணாச்சியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், முதல் வீடு வாங்குகிறவர்கள் அப்படித்தான் கேட்காமலே சொல்வார்கள். அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு படித்துக்காட்ட ஆரம்பித்தார். செண்பகவல்லிக்கு உடம்பெல்லாம் காது. முதல் பக்கம் போயிற்று, இரண்டாம் பக்கம் போயிற்று. நாலாம் பக்கம் வந்தபோது அண்ணாச்சி தாளைப் பார்க்கவே இல்லை. கண் ரோட்டைப் பார்க்கிறது, வாய் பாட்டுக்கு ஓடுகிறது, யாதொரு முன்வில்லங்கமும் அடமானமும் கோர்ட்டு ஜப்தியும் ஜீவனாம்ச பாத்தியதையும் இல்லை என்று. முப்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி மனப்பாடமாகிப்போன வரி, தாளில் என்ன இருக்கிறதென்று அவருக்கு எதற்கு. செண்பகவல்லிக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகவே இருந்தது, இல்லை என்று சொல்லக் கூடாது. யாருக்கும் தெரியாது. இவன் இப்போது கையெழுத்துப் போடப்போகிறான், ஒவ்வொரு பக்கத்திலும் போடுவான், தன் கையால் பாக்கியை ஒப்புக்கொண்டு கைரேகையும் வைப்பான், சர்க்கார் புத்தகத்தில் ஏறிவிடும், அதை எடுத்துக்கொண்டு வக்கீலம்மாவிடம் ஓடலாம். இத்தனை வருஷம் அவன் செய்ததற்கு இது ஒன்றும் பாவமில்லை. அப்போது சுடலைவடிவு நன்றாகக் கேட்கட்டும் என்று முந்தானையைக் காதிலிருந்து ஒதுக்கிவிட்டுக்கொண்டு முன்னால் குனிந்தாள். ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது, ஆனாலும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள், கோயிலில் மந்திரம் கேட்கிற மாதிரி. இந்த வரியோடு பத்திரம் பதிவானால் அது இந்தப் பொம்பளை கழுத்தில் அல்லவா விழும். இவன் செக்கை வாங்கிக்கொண்டு திருப்பூர் பஸ் ஏறிவிடுவான், வீட்டை வைத்துக்கொண்டு கோர்ட்டுக்கு நடக்கப்போவது இருபத்தாறு வருஷம் தீக்குச்சி அடுக்கின இந்தக் கை. அண்ணாச்சி பேனாவை நீட்டினார். ஆவுடையப்பன் வாங்கி மூடியைக் கழற்றினான். செண்பகவல்லி எழுந்து நின்றுவிட்டாள்.

"அண்ணாச்சி, நாலாம் பக்கத்தைப் பார்த்து வாசிங்க."

அவர் வாசிக்கும்போது இதுவரை எவரும் குறுக்கே பேசியதில்லை. திரும்பி அவளைப் பார்த்தார், பிறகு கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார். உதடு அசைந்தது. பிறகு வாய்விட்டு வாசித்தார், பாடம் ஒப்பிக்கிற வேகம் போய், ஒவ்வொரு சொல்லாக, மதுநிஷாவும் மூன்று லட்சத்து நாற்பதாயிரமும் கடைக்குள் இருந்த எல்லோருக்கும் கேட்டது. ஆவுடையப்பன் இப்போதுதான் அவளைப் பார்த்தான். முகம் செத்துவிட்டது. ஆனால் பேச்சு சாகவில்லை, இது பழைய கதை, கோர்ட்டுல பார்த்துக்கிடுதோம், இந்த வீட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை, டயம் ஆகுது, அந்த வரியை எடுத்துட்டு வேலையைப் பாருங்க என்றான். புரோக்கரும் ஆமாம் என்றான். சுடலைவடிவு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பிள்ளைக்கு என்ன வயசுய்யா?" என்று கேட்டாள்.

அவன் கொஞ்சம் யோசித்தான். "பதினொண்ணு."

"பதிமூணு," என்றாள் செண்பகவல்லி.

சுடலைவடிவு செக் புத்தகத்தை எடுத்துப் பைக்குள் வைத்தாள், வைத்துவிட்டு அண்ணாச்சியிடம்தான் பேசினாள். "பிள்ளை சோத்துக் காசு கிடக்குற வீட்டுல நான் எப்படிய்யா பால் காய்ச்சுவேன்? அந்தப் பாக்கியைப் பிரிச்சு அந்தப் பிள்ளை பேர்ல எழுதுங்க, செக்குத் தாரேன். மிச்சம் இவருக்கு. இல்லையா, என் அட்வான்ஸைத் தரச் சொல்லுங்க, நான் பஸ் ஏறுதேன்."

அட்வான்ஸ் அவனிடம் இருந்தால்தானே. புரோக்கர் அவன் காதில் குனிந்து என்னவோ சொன்னான், தன் கமிஷனைத்தான் சொல்லியிருப்பான். கடிகாரம் பதினொன்று இருபத்தைந்து காட்டியது. ஆவுடையப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு, எழுதிக்கிடுங்க என்றான். அண்ணாச்சி தாள்களை அடுக்கிக்கொண்டு தட்டியைச் சுற்றி உள்ளே வந்தார். அவள் மேஜையில் வைத்தார். திட்டுவார் என்று நினைத்தாள், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாருக்கும் கேட்காத குரலில்தான் பேசினார்.

"கிரையத் தொகையை ரெண்டாப் பிரிச்சு அடி. அடிச்சுக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ, செம்பகம். நாளையிலேருந்து வர வேண்டாம்."

சரி அண்ணாச்சி என்றாள். அவர் போன பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ஒன்பதாயிரம், வாடகை, அரிசி என்று மனசு ஒரு பக்கம் ஆரம்பித்துவிட்டது, அது ஆரம்பிக்கட்டும், டோக்கனுக்கு இருபது நிமிஷம்தான் இருந்தது. முதலில் பிள்ளையின் பங்கை அடித்தாள். அவசரத்தில் மதுநிஷா என்கிற பேரை இரண்டு தரம் அழித்து அடிக்க வேண்டியிருந்தது.